கலர் சோடாவில் ருசி எங்கே இருக்கிறது? வீட்டிலேயே பன்னீர், நன்னாரி, இஞ்சி சோடா கலக்கலாம்!- பூஜை பன்னீரை ஊற்றினால் ஆபத்து

ராஜபாளையம்:

வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் பெட்டிக்கடை முன்பு நின்று, "அண்ணாச்சி, ஒரு பன்னீர் சோடா உடைங்க" என்று கேட்காதவர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் யாரும் இருக்க முடியாது. மில் ஷிப்ட் முடிந்து வருபவரும், ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேர் பார்க்க வந்தவரும் சோடாவை ஒரே மூச்சில் குடித்து ஏப்பம் விட்டால்தான் தாகம் தீரும்.

இப்போது அதே கலரை வீட்டிலேயே கலந்து குடிக்கும் ஆசை பலருக்கும் வந்து இருக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு போன்ற சின்ன விசேஷங்களுக்கு வீட்டிலேயே செய்தால் செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள். நினைப்பது சரிதான். ஆனால் எதை கலக்கலாம், எதை கலக்கக்கூடாது என்று தெரியாமல் இறங்கினால் வம்பு. அதன் விவரம் வருமாறு:-

வெறும் சோடாவுக்கு 5, கலருக்கு 40

முதலில் வரி கணக்கைப் பார்ப்போம். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில், சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு வரி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. அதே சோடாவில் சர்க்கரையோ, வாசனையோ சேர்ந்து விட்டால் வரி 40 சதவீதம்.

அதாவது கேஸ் அடைத்த தண்ணீருக்கு வரி கொஞ்சம்தான். அதில் விழும் 4 ஸ்பூன் பாகுக்குத்தான் இந்த வரி! அந்தப் பாகை நம் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சிக் கொண்டால் என்ன? இதுதான் விஷயம்.

ருசி கேசில் இல்லை

சோடாவில் இருப்பது கார்பன்-டை-ஆக்சைடு வாயு. இது தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. நாக்கில் 'சுர்'ரென்று ஏறுவது இந்த அமிலம்தான். மற்றபடி வாயுவுக்கு பன்னீர் ருசியும் கிடையாது, திராட்சை ருசியும் கிடையாது.

கலரின் ருசி 3 விஷயத்தில் அடங்கி இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, வாசனை. இந்த மூன்றும் பாகில் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பெனி கலருக்கும் ஒவ்வொரு ருசி வருவதற்கு காரணம், பாகில் இந்த மூன்றையும் சேர்க்கும் அளவுதான்.

விருதுநகர் கொடுத்த கலர்

இந்த 'கலக்கும்' வித்தையில் விருதுநகர் மாவட்டம் யாருக்கும் இளைத்தது அல்ல. திராட்சை வாசனை கொண்ட 'பவண்டோ'வை தயாரிக்கும் காளிமார்க் நிறுவனம், 1916-ம் ஆண்டு பழனியப்ப நாடாரால் விருதுநகரில்தான் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுகளை தாண்டியும் அந்தப் பெயர் கடைகளில் நிற்கிறது.

2017-ம் ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டு போராட்டம் நடந்தபோது வெளிநாட்டு குளிர்பானங்களுக்கு எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு மார்ச் 1-ந்தேதி முதல் அவற்றை விற்பது இல்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. உள்ளூர் கலர்களைத் தேடி மக்கள் மறுபடியும் வந்த நேரம் அது.

கோலி சோடா பாட்டில் வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் காட் என்பவர் 1870-களில் இதற்கு காப்புரிமை பெற்றார். பாட்டிலுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி, கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒட்ட வைக்கும். மூடியே தேவை இல்லை. இங்கிலாந்தில் மறைந்து போன இந்த முறை நம் ஊரில் இன்றும் பிழைத்துக் கிடக்கிறது. 2025-ம் ஆண்டு கோலி சோடா வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி ஆவதாக மத்திய வர்த்தக அமைச்சகமே அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

கேஸ் அடைப்பது வீட்டு வேலை அல்ல

நன்றாக கேஸ் ஏறிய சோடா பாட்டிலுக்குள், நம் ஊர் வெயிலில், கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 2 மடங்கு அழுத்தம் இருக்கும். அதனால்தான் சோடா பாட்டில் வெடித்து கண் போன கதைகள் உண்டு. எனவே கேஸ் அடைக்கும் வேலையை சோடா கம்பெனியிடம் விட்டு விடுங்கள். வெறும் சோடாவை வாங்கி, பாகை மட்டும் வீட்டில் செய்வதே புத்திசாலித்தனம்.

மூலப் பாகு

1 கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி விட வேண்டும். கம்பிப் பதம் வேண்டாம். கெட்டியானால் சோடாவில் கலக்காமல் அடியில் தங்கி விடும். இறக்கியதும் 2 டீஸ்பூன் (சுமார் 10 கிராம்) சிட்ரிக் ஆசிட் சேர்த்து கலக்கி, வடிகட்டி ஆற வைக்க வேண்டும். மளிகைக்கடையில் உணவுக்கு என்று அச்சிட்ட பாக்கெட்டாக கேட்டு வாங்குங்கள்.

இந்த அளவில் 1 லிட்டருக்கு சற்று கூடுதலாக பாகு கிடைக்கும். ஒரு டம்ளருக்கு 4 டீஸ்பூன் (20 மில்லி) வீதம் ஊற்றினால் சுமார் 55 டம்ளர் வரும். ஒரு காதுகுத்து வீட்டுக்கு இது தாராளம். சர்க்கரை அதிகம் இருப்பதால் பாகில் கிருமி எளிதில் வளராது. ஈரம் இல்லாத சுத்தமான பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும்.

பன்னீர் சோடா: இங்கேதான் உஷார்!

பன்னீர் சோடாவுக்கு ரோஜா வாசனை வேண்டும். இதற்காக பூஜைக்கடையில் விற்கும் பன்னீரையோ, கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீரையோ, முகத்தில் பூசும் ரோஸ் வாட்டரையோ ஊற்றவே கூடாது. அவை மேலே தெளிக்கவும், பூசவும் செய்யப்பட்டவை. குடிப்பதற்கு அல்ல. அவற்றில் செயற்கை வாசனை ரசாயனங்கள் இருக்கலாம்.

சாப்பிடத்தக்கது என்று அச்சிடப்பட்டு, உணவு பாதுகாப்பு உரிம எண் உள்ள ரோஸ் எசன்ஸ் அல்லது பன்னீரை மட்டுமே வாங்க வேண்டும். பாகு முழுவதும் ஆறிய பிறகுதான் எசன்ஸ் விட வேண்டும். சூட்டில் விட்டால் வாசனை ஆவியாக பறந்து விடும். எசன்ஸ் கூடினால் சோப்பு வாடை அடிக்கும். எனவே சில சொட்டு விட்டு, ஒரு டம்ளர் கலந்து ருசி பார்த்து, பிறகு கூட்டலாம்.

நன்னாரி

நன்னாரி வேரின் வாசனைக்கு காரணமான பொருள், ஐஸ்கிரீமில் போடும் வெனிலா வாசனையின் நெருங்கிய உறவு. அதனால்தான் சோடாவோடு இது அப்படி ஒத்துப் போகிறது.

50 கிராம் வேரை கழுவி, இடித்து, நடுவில் உள்ள கட்டையை எடுத்து விடுங்கள். அரை லிட்டருக்கு சற்று கூடுதலான கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மூடி, ராத்திரி முழுவதும் ஊற விட வேண்டும். காலையில் வடிகட்டி, அந்த தண்ணீரிலேயே 1 கிலோ சர்க்கரையைக் கரைத்து ஒரு கொதியில் இறக்கலாம். அதிக நேரம் கொதித்தால் வாசனை போய்விடும். குடிக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும், சிட்ரிக் ஆசிட் தேவை இல்லை. வீட்டில் செய்த நன்னாரி வெளிறிய பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். ரத்தச் சிவப்பாக இருந்தால் அது சாயம்.

'காடு பக்கத்தில்தானே இருக்கிறது, நாமே போய் தோண்டி வரலாம்' என்று செண்பகத்தோப்பு பக்கம் கிளம்பி விடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை காடு 2021-ம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். உள்ளே வேர் தோண்டினால் வனத்துறை வழக்கு பாயும். நாட்டு மருந்துக்கடையில் வாங்குவதே நல்லது.

இஞ்சி, எலுமிச்சை, மாம்பழம்

இஞ்சி சோடாவுக்கு 100 கிராம் இஞ்சியை தோல் சீவி அரைத்து சாறு பிழிய வேண்டும். கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். மேலே உள்ள தெளிந்த சாறை மட்டும் பாகில் சேர்க்க வேண்டும்.

எலுமிச்சைக்கு பஞ்சம் இல்லை. தென்காசி சாலையில் உள்ள புளியங்குடி, எலுமிச்சைக்கு பெயர் போன ஊர். சாறை அன்றன்றைக்கு பிழிவதே நல்லது. பிழிந்து வைத்தால் கசப்பு ஏறும். உப்பு சோடா கேட்பவர்களுக்கு உப்பை முதலில் சாற்றில் கரைத்து விடுங்கள். சோடாவில் நேராக உப்பு போட்டால் நுரை பொங்கி பாதி சோடா தரையில்தான்!

மாம்பழ சீசனில் ராஜபாளையம் சப்பட்டை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் கூழில் நார் இருந்தால் நுரை கொப்பளிக்கும். துணியில் வடிகட்டி, 3 ஸ்பூன் கூழுடன் கொஞ்சம் எலுமிச்சை சேர்த்து உடனே குடித்து விட வேண்டும். எடுத்து வைக்கக்கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே பால்கோவா. பாலும் அங்கே பிரமாதம். ஆனால் பாலை மட்டும் இந்த எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் கலவையில் ஊற்றாதீர்கள். புளிப்பு பட்டதும் பால் திரிந்து விடும்.

ஊற்றும் முறை

பாகு முதலில், சோடா கடைசியில். இதை மாற்றினால் கேஸ் போய்விடும். டம்ளரை சாய்த்து, ஓரமாக மெதுவாக சோடாவை விட்டு, ஒரே ஒரு முறை கலக்க வேண்டும்.

சோடா நன்றாக குளிர்ந்து இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. சாதாரண காற்றழுத்தத்தில், உறையும் குளிரில் உள்ள 1 லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கேசை பிடித்து வைக்கும். 30 டிகிரி வெப்பத்தில் அது முக்கால் லிட்டருக்கும் கீழே இறங்கி விடும். சூடான சோடாவில் ஐஸ் போடுவதை விட, சோடாவையும் பாகையும் முன்கூட்டியே பிரிட்ஜில் வைப்பது மேல்.

இதெல்லாம் வேண்டாம்

* ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் கலந்தால் கேஸ் வரும். ஆனால் உப்புச்சத்தும் சேர்ந்து வரும். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் 1 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக்கொதிப்பு, சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

* ஈஸ்ட் போட்டு பாட்டிலை இறுக மூடி வைப்பது வெடிகுண்டை வீட்டில் வைப்பது போல. கேஸ் கூடிக்கொண்டே போகும். கண்ணாடி பாட்டில் என்றால் சிதறும். கொஞ்சம் போதைப் பொருளும் அதில் உருவாகும்.

* புகை வருகிறது என்று 'டிரை ஐஸ்' போடாதீர்கள். அது மைனஸ் 78 டிகிரி குளிர். 2024-ம் ஆண்டு மார்ச்சில் அரியானா மாநிலம் குருகிராமில், ஓட்டலில் வாய் மணக்க என்று கொடுத்த டிரை ஐசை வாயில் போட்ட 5 பேர் ரத்த வாந்தி எடுத்தனர்.

* நிறம் தேவையே இல்லை. கட்டாயம் வேண்டும் என்றால், அனுமதிக்கப்பட்ட உணவு நிறத்தை கிலோவுக்கு 100 மில்லி கிராமுக்குள் சேர்க்கத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு சிட்டிகை போட்டாலே 1 லிட்டருக்கு இந்த அளவு தாண்டி விடும். துணிச் சாயமான ரோடமின்-பி இருந்ததால்தான் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்கு தடை போட்டது.

4 ஸ்பூன் பாகில் எவ்வளவு சர்க்கரை?

ஒரு டம்ளர் கலரில் ஊற்றும் 20 மில்லி பாகில் சுமார் 18 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. காலை டீ, சாயங்கால டீ எல்லாம் சேர்த்துத்தான் இந்த கணக்கு. எனவே 2-வது டம்ளர் கேட்கும் பிள்ளைக்கு பாகை பாதியாக குறைத்து எலுமிச்சையை கூட்டி விடுங்கள். வீட்டில் கலப்பதில் இருக்கும் பெரிய வசதி இதுதான். கம்பெனி பாட்டிலில் சர்க்கரையை குறைக்க யாராலும் முடியாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெறும் சோடா, எலுமிச்சை, இஞ்சிச் சாறு போதும். உப்பும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

வீட்டோடு நிற்காமல் விற்பனைக்கு இறங்குபவர்கள் உணவு பாதுகாப்புத்துறையில் பதிவு செய்தே ஆக வேண்டும். கடையில் வாங்கிய கலரில் தூசி, கெட்ட வாடை, தேதி தாண்டிய பாட்டில் என்று புகார் இருந்தால் உணவு பாதுகாப்புத்துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்-அப் எண்ணுக்கு படத்துடன் அனுப்பலாம்.

அடுத்த விசேஷத்துக்கு சோடாவை உள்ளூர் கம்பெனியில் வாங்குங்கள், பாகை வீட்டில் காய்ச்சுங்கள். சோடாக்காரருக்கும் வியாபாரம், வீட்டுக்கும் மிச்சம். பூஜை பன்னீர் மட்டும் சாமிக்கே இருக்கட்டும்!