பூமி குலுங்கினால் வெளியே ஓடலாமா? 205 உயிரை குடித்த அஞ்சார் தெரு சொல்லும் பதில்

கடலூர்:

வீடு திடீர்னு ஆடினால் என்ன செய்வீங்க? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "வெளியே ஓடிடுவேன்."

ஆனால் குஜராத் மாநிலம் அஞ்சாரில் நடந்தது வேறு. 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி குடியரசு தினத்தன்று அங்கே பள்ளிக் குழந்தைகள் ஊர்வலமாக போய்க் கொண்டிருந்தனர். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் பழைய கட்டிடங்கள். காலை 8.46 மணிக்கு பூமி குலுங்கியது. கட்டிடங்கள் அப்படியே ஊர்வலத்தின் மீது சரிந்தன. 185 மாணவ-மாணவிகளும், 20 ஆசிரியர்களும் பலியானார்கள்.

அவர்கள் யாரும் வீட்டுக்குள் இல்லை. தெருவில்தான் இருந்தார்கள்.

முதலில் இரைச்சல்

அன்றைய நிலநடுக்கம் 7.7 அளவில் பதிவானது. குஜராத்தில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 200 கி.மீ.க்கு அப்பால் உள்ள ஆமதாபாத்தில் கூட அடுக்குமாடி வீடுகள் விழுந்தன. கார் நிறுத்துவதற்காக கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நின்ற கட்டிடங்கள் பல அதில் சிக்கின.

நிலநடுக்கத்தில் இரண்டு விதமான அலைகள் வரும். வேகமான அலை முதலில் வந்து சேரும். பக்கத்தில் கனமான லாரி போவது மாதிரி ஒரு உறுமல், லேசான அதிர்வு. அடுத்து வருவதுதான் ஆளை தள்ளும் அலை. தரை பக்கவாட்டில் இழுபடும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சில விநாடிகள்தான். பூகம்பம் பக்கத்திலேயே என்றால் அதுவும் கிடைக்காது.

இந்த நேரத்தில் உடம்பு சொல்பேச்சு கேட்காது. சிலர் சிலையாக நின்று விடுவார்கள். சிலர் மாடியில் இருந்து குதிப்பார்கள். தப்பி வந்தவர்கள் குழந்தையைத் தேடி மறுபடி உள்ளே ஓடுவார்கள். அதே 2001-ல் செப்டம்பர் 25-ந்தேதி ராத்திரி 8.26 மணிக்கு புதுச்சேரி கடலுக்குள் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்ததே, ஞாபகம் இருக்கா? சென்னை வரைக்கும் ஜனங்க அலறியடித்துக் கொண்டு தெருவுக்கு வந்தாங்க. எங்க வீட்டுல அம்மா முதல்ல ஓடினது அடுப்பை அணைக்க. அப்புறம்தான் என்னைத் தேடினாங்க. அன்னைக்கு சிரிச்சோம். ஆனா அடுப்பை அணைச்சது சரியான வேலைதான். கேஸ் கசிந்தால் தீ பிடிக்கும்.

வீட்டைப் பொறுத்தது

காங்கிரீட் மாடி வீட்டில் இருந்தால் படிக்கட்டுக்கு ஓடக்கூடாது, லிப்டில் ஏறக்கூடாது. ஆடுகிற தரையில் நாலு அடி ஓடுவதே கஷ்டம். படிக்கட்டு உடையலாம். கெட்டியான மேஜை, கட்டில் அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக் கொள்ள வேண்டும். மேஜை இல்லையா? உள்பக்கச் சுவர் ஓரம் உட்கார்ந்து தலையை கையால் மூடிக்கலாம். பீரோ, டி.வி., கண்ணாடி ஜன்னல் பக்கம் வேண்டாம்.

மண் சுவர், கல் சுவர், ஓட்டு வீடு என்றால் கணக்கு மாறும். கட்ச் மாவட்டத்தில் கல்லை அடுக்கி கட்டிய வீடுகள்தான் நிறைய ஆட்களை அமுக்கின. அப்படிப்பட்ட வீட்டில் வாசல் பக்கமாக இருந்து, எதிரே திறந்த வெளியும் இருந்தால் வெளியேறுவதே நல்லது. எதிரே சந்துதான், மேலே கரண்டு கம்பி, இரண்டு பக்கமும் உயரமான சுவர் என்றால்? அஞ்சார் கதைதான். இதை குலுங்கும்போது யோசிக்க முடியாது. இன்றைக்கே வாசலில் நின்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து முடிவு பண்ணிக்கணும்.

நின்ற பிறகும் உடனே வீட்டுக்குள் போய் நகையைத் தேடக்கூடாது. பின்னதிர்வுகள் வரும். 2012 ஏப்ரல் 11-ந்தேதி சுமத்ரா அருகே 8.6 அளவில் குலுங்கியபோது சென்னையில் ஆபீஸ் ஜனங்கள் ரோட்டில் வந்து நின்றார்கள். 2 மணி நேரம் கழித்து அங்கே மறுபடியும் 8.2 அளவில் குலுங்கியது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ந்தேதி காலை 6.29 மணிக்கு சுமத்ராவில் பூமி அதிர்ந்தது சென்னையிலும் தெரிந்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள், பேசினார்கள், திரும்ப உள்ளே போனார்கள். 2 மணி நேரத்துக்கு மேல் கழித்துதான் சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள்.

பூகம்பம் வந்த இடத்துக்கு பக்கத்திலேயே இருப்பது சிமெலு தீவு. 1907-ல் இப்படி ஒரு அலை வந்ததை அந்த தீவில் தாத்தா, பாட்டிகள் பேரன், பேத்திகளுக்கு சொல்லிக் கொண்டே வந்திருந்தார்கள். குலுங்கியதும் யாரும் பேசிக்கொண்டு நிற்கவில்லை. மேட்டுக்கு ஓடினார்கள். 70 ஆயிரம் பேருக்கு மேல் இருந்த தீவில் இறந்தது 7 பேர்தான்.