தரைக்கடியில் தொண்ணூறாயிரம் ஜோடி

எல்லோரும் பஃபின்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். வேல்ஸின் தென்மேற்கு மூலையில், பெம்ப்ரோக்‌ஷயர் கரைக்கு எதிரே கிடக்கும் சின்னத் தீவு ஸ்கோக்கோம். மார்ச் கடைசியில் பஃபின்கள் அங்கே வந்து சேரும். ஆகஸ்டு பிறப்பதற்குள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடும். வண்ணம் பூசிய அலகு, ஆரஞ்சு நிறக் கால், ஆளைக் கண்டு அதிகம் மிரளாத சுபாவம். கேமராக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் தீவின் பெருங்குடி வேறொரு பறவை. பகலெல்லாம் நடந்தாலும் அது கண்ணில் படாது.

அதன் பெயர் மாங்க்ஸ் ஷியர்வாட்டர். மேலே கறுப்பு, கீழே வெள்ளை, எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. ஸ்கோக்கோமின் மொத்தப் பரப்பே 106 ஹெக்டேர்தான். 2018 கணக்கெடுப்பில் அதற்குள் சுமார் 90,000 ஜோடிகள் இருந்தன. பக்கத்து ஸ்கோமர் தீவில் மூன்றரை லட்சம் ஜோடி. முயல் தோண்டிய வளைகளிலும் தாமே தோண்டிய வளைகளிலுமாக எல்லாமே தரைக்கடியில் குடியிருக்கின்றன.

ஒளிந்து வாழக் காரணம் கால்கள். மூழ்கி மீன் பிடிக்கத் தோதாக அவை உடலின் பின்கோடியில் அமைந்திருக்கின்றன. கடலில் வசதி; தரையில் நெஞ்சைத் தேய்த்துத் தவழத்தான் முடியும். பெரிய கருமுதுகுக் கடற்காகத்துக்கு இதைவிடச் சுலபமான இரை கிடையாது. எனவே நன்றாக இருட்டிய பிறகே ஷியர்வாட்டர் கரையேறும். நிலா காய்ந்தால் பல பறவைகள் கடலிலேயே தங்கிவிடும். மேகம் மூடிய அமாவாசை இரவிலோ ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். இழுப்புக்காரர் ஒருவர் சேவல்போலக் கூவிப் பார்ப்பது மாதிரியான குரல், வானத்திலும் காலடி மண்ணிலும் ஒரே நேரத்தில் கேட்கும்.

கண்ணில் படாத பறவையை எப்படி எண்ணுவது? தீவுக் காப்பாளர்களின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும்; வளையில் எப்போதும் ஒன்று இருக்கும். அப்போது வளைவாயில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஷியர்வாட்டர் குரலை ஒலிக்க விடுவார்கள். உள்ளேயிருந்து பதில் வந்தால் ஒரு ஜோடி. வராவிட்டால்? வளை காலியாக இருக்கலாம். பறவை வாய் திறக்காமலும் இருக்கலாம். பதிந்த குரல் ஆணுடையது என்றால் பெரும்பாலும் ஆண்தான் எதிர்க்குரல் கொடுக்கும். அன்று முட்டைமேல் இருப்பது பெண்ணானால் கணக்கில் ஒன்று குறையும். இந்தக் குறையை ஈடுகட்ட, ஒரு சிறு பகுதியில் மட்டும் அதே வளைகளுக்குத் தினமும் போய், புதிதாகப் பதில் வருவது நிற்கும்வரை கேட்பார்கள். ஒரு தடவை கேட்டால் எத்தனை பங்கு பதில் கிடைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த விகிதத்தைக் கொண்டு மற்ற இடங்களின் எண்ணிக்கையைத் திருத்துவார்கள்.

தீவில் பறவைகளை ஆராயும் பழக்கத்துக்கு வித்திட்டவர் ரொனால்ட் லாக்லி. 1927-ல் தீவைக் குத்தகைக்கு எடுத்தபோது அவர் மனத்தில் இருந்தது முயல் வியாபாரம். ரோமத்துக்காகச் சின்சில்லா முயல் வளர்க்க ஆசைப்பட்டார். அதற்குக் காட்டு முயல்கள் ஒழிய வேண்டும். என்ன செய்தும் ஒழியவில்லை. 1930-களின் பிற்பகுதியில் முயல்களைக் கொல்லும் மிக்ஸோமடோசிஸ் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் பரவாமல் அடங்கிவிட்டது. நோயை முயலுக்கு முயல் கொண்டுசெல்லும் தெள்ளுப்பூச்சி அந்தத் தீவு முயல்களிடம் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இதற்கிடையே லாக்லி பறவைப் பக்கம் சாய்ந்திருந்தார். பிரிட்டனின் முதல் பறவை நோக்ககம் 1933-ல் அங்கே உருவானது.

அங்கு காலில் எண் வளையமிட்ட ஷியர்வாட்டர்களைத் தொலைதூரத்தில் விட்டு, திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பதும் அவர் தொடங்கியதே. 1952-ல் ஏஎக்ஸ் 6587 என்ற எண்ணுள்ள பறவையை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 5,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டிப் பன்னிரண்டரை நாளில் தன் வளைக்கு வந்துவிட்டது. ‘பறவையை விட்டாயிற்று’ என்று எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் தீவை அடைந்தது. உண்மையில் ஷியர்வாட்டருக்கு இது பெரிய தூரமே அல்ல. ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்துக்கு அது அர்ஜென்டினா பக்கத்துக் கடல்வரை போய் வருகிறது. 1957-ல் பார்ட்ஸி என்ற மற்றொரு வேல்ஸ் தீவில் வளையமிட்ட பறவை 2008-லும் உயிரோடு கையில் சிக்கியது. அதற்கு வளையமிட்டவர்களின் வேலையை அடுத்தடுத்த தலைமுறைகள் ஏற்றிருந்தன.

காப்பாளர்களின் அன்றாடத்தில் அறிவியலைவிடச் சில்லறை வேலை அதிகம். கம்பிவழி மின்சாரம் கிடையாது; சூரியத் தகடுதான். கடல் கொந்தளித்தால் படகு வராது. பாதை செப்பனிட வேண்டும், தங்க வருபவர்களின் அறையைக் கவனிக்க வேண்டும், அவர்கள் பாதையைவிட்டு விலகி வளைகளை மிதித்து நொறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் அன்று பார்த்த பறவைகளை இனவாரியாகப் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

சில்லறையாகத் தெரிந்தாலும் விட முடியாத ஒரு வேலை, தீவுக்கு வரும் மூட்டை முடிச்சுகளில் எலி ஒளிந்திருக்கிறதா என்று கண்காணிப்பது. ஸ்கோக்கோமில் எலி கிடையாது. வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ராம்சி தீவு சாட்சி. எலி நிறைந்திருந்த காலத்தில், 1998-ல், அங்கே 850 ஜோடி ஷியர்வாட்டர்கள்தான் இருந்தன. 1999-2000 குளிர்காலத்தில் எலிகளை ஒழித்தார்கள். 2016-ல் எண்ணிக்கை 4,800-ஐ நெருங்கியது. பதினாறு ஆண்டில் இவ்வளவுதானா என்று தோன்றலாம். இந்தப் பறவை முட்டையிடத் தொடங்கவே ஐந்தாறு வயதாகும், ஆண்டுக்கு இடுவதும் ஒரே முட்டை.