கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மழைக்காடு

தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு மழையும் ஈரமும் புதியன அல்ல. ஆயினும், கண்ணாடிப் பெட்டி ஒன்றினுள் பெரணியையும் பாசியையும் குடுவைச் செடியையும் வளர்க்க முற்படுங்கால், அங்கே மழை தானாகப் பெய்வதில்லை; நாமே பெய்விக்க வேண்டும். எங்கள் பள்ளியின் அறிவியல் மூலைக்கு எந்த நீர்த் தெளிப்புக் கருவியை வாங்குவது என்னும் வினாவுக்கு விடை காண எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று. அவ்வனுபவத்தையே ஈண்டு எழுதுகின்றோம்.

கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்க்கும் முறை ஒரு தற்செயலில் பிறந்தது. இலண்டன் மருத்துவரான நத்தானியல் வார்டு என்பார், 1829ஆம் ஆண்டளவில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் மூடிய புட்டியில் வைத்தார். அம்மண்ணிலிருந்து பெரணி முளைத்தது. நகரத்துக் கரிப்புகையில் வாடிப்போன அச்செடி, மூடிய கண்ணாடிக்குள் தழைப்பதைக் கண்டு அவர் வியந்தார். மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியமையே அதற்குக் காரணம். அவர் பெயரால் வழங்கிய பெட்டிகள் பின்னர்க் கப்பலேறின. 1876ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 பால்மரக் கன்றுகள் அத்தகைய பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. நம் பாட்டன்மார் பால் வெட்டிய மரங்களுக்கும் இக்கண்ணாடிப் பெட்டிக்கும் உள்ள உறவு இதுவே.

இனி, கருவிகளுக்கு வருவோம். தெளிப்பது வேறு, புகைவது வேறு. ‘புகை’ என்றவுடன் கொசுவை ஒழிக்கச் சுகாதார இலாகாவினர் அடிக்கும் மருந்துப் புகையை மாணவர்கள் எண்ணிக் கொள்ளக்கூடும். நாம் கூறுவது தூய நீரால் ஆகிய பனிப்புகை மட்டுமே.

பனிப்புகைக் கருவியின் அடியில் சிறியதொரு வில்லை உள்ளது. மின்சாரம் பாய்ந்ததும் அது நொடிக்குப் பதினேழு இலட்சம் முறை அளவில் அதிர்கின்றது. காதுக்குக் கேளாத அவ்வதிர்வு, நீரின் மேற்பரப்பை உடைத்து மிக நுண்ணிய துளிகளாக எழுப்புகின்றது. காண்பதற்குக் கேமரன் மலையின் காலைப் பொழுதைப் போன்றே இருக்கும். அந்த அழகில் மயங்கி நாங்கள் முதலில் வாங்கியதும் இதைத்தான். பெற்றோர் தினத்தன்று கூட்டம் அலைமோதியது என்பதை மறைப்பானேன்!

ஆனால், இரண்டு வாரங்களில் குறைகள் புலப்பட்டன. புகை பெட்டியின் அடியில் தேங்கியதேயன்றி, மேலே மரத்துண்டில் ஒட்டியிருந்த பாசியை நனைக்கவில்லை. குழாய்நீரிலிருந்த உப்புகள் நுண்துளிகளுடன் பறந்து, இலைகளின்மீது வெண்மையாகப் படிந்தன. நீர்க்கலத்தைக் கழுவாது விட்டால் அதில் வளரும் கிருமிகளும் புகையோடு கலந்து நாம் மூச்சிழுக்கும் காற்றில் வரும். மேலும், நம் நாட்டுக் காற்றில் இயல்பாகவே ஈரப்பதம் மிகுதி. இலை நனைய வேண்டும் என்பதே இங்குத் தேவை; காற்றை மேலும் ஈரமாக்குவதன்று. குளிர்சாதன அறையில் பெட்டி வைத்திருப்போருக்கு இக்கருவி ஓரளவு பயன்படலாம்.

அடுத்து நேர்ந்ததை எழுதக் கை கூசுகின்றது. பெட்டியில் இரண்டு மரத்தவளைகள் இருந்தன. புகைக் கருவியை நிறுத்திவிட்டு, கைப்பம்பால் நீர் தெளிக்கலாம் எனக் கருதினோம். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் பம்பு ஒன்றைப் பெற்றோர் ஒருவர் அன்போடு கொடுத்துதவினார். மூன்று முறை கழுவிய பின்னரே பயன்படுத்தினோம். மறுநாள் காலையில் தவளைகள் இரண்டும் இறந்து கிடந்தன. தவளை வாயால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகின்றது. இரப்பர் வளையத்திலும் குழாயிலும் ஊறிய மருந்து கழுவினால் முற்றும் போய்விடுவதில்லை. கொடுத்தவர்மீது குற்றமில்லை, ஆராயாது பயன்படுத்திய ஆசிரியர்களாகிய நாங்களே பொறுப்பாளிகள். வீட்டில் மீனோ தவளையோ வளர்ப்போர், மருந்தடித்த பம்பை அவற்றின் அருகிலும் கொண்டு செல்ல வேண்டா.

புதிய கைத்தெளிப்பான் ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். சிறிய பெட்டிக்கு அதுவே போதும். நாள்தோறும் தெளிக்க ஆள் இருந்தால் வேறொன்றும் வேண்டியதில்லை. பள்ளிக்கோ சனி, ஞாயிறு விடுமுறை உண்டு. ஆண்டிறுதி விடுமுறையும் உண்டு. ஆகவே, இறுதியில் அழுத்தப் பம்பு பொருந்திய தெளிப்புக் கருவியையே தேர்ந்தோம். பம்பு நீரை அழுத்தித் தள்ள, நுண்துளையுள்ள முனைகள் அதை மென்தூறலாகச் சிதறுகின்றன. இத்துளிகள் புகைத்துளியைவிடப் பெரியவை. இலையில் தங்கி, முத்தாகத் திரண்டு, வேருக்கு இறங்குகின்றன.

இதை வாங்குவோர் நேரங்காட்டும் கருவியைக் கவனித்து வாங்குக. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சுழல்வகையில் மிகக் குறைந்த நேரமே பதினைந்து நிமிடம். அவ்வளவு நேரம் தெளித்தால் பெட்டி குளமாகிவிடும். நொடிக் கணக்கில் அமைக்கத்தக்கதே வேண்டும். எங்கள் பெட்டியில் இரண்டு முனைகள். காலையில் இருபது நொடி, மாலையில் இருபது நொடி. ஒரு முனை நிமிடத்திற்கு 80 மில்லிலிட்டர் தருவதை மாணவர்கள் அளவுக் குவளையால் அளந்தனர். அங்ஙனமாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 107 மில்லிலிட்டர். ஐந்து லிட்டர்க் கலம் நாற்பத்தாறு நாள்களுக்கு வரும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் தாமே போட்டுக் காட்டினர். கலம் வற்றிய பின்னும் பம்பு ஓடினால் பழுதாகும் என்பதால், நாற்பதாம் நாளிலேயே நிரப்பி விடுகின்றோம்.

பெய்யும் நீர் போக வழியும் வேண்டும். அடியில் கூழாங்கல் அடுக்கு, அதன்மேல் வலை, பின்னரே மண். கல்லடுக்கில் தேங்குவதை வாரந்தோறும் குழாயால் வடிக்கின்றோம். இல்லையேல் வேர் அழுகும். திறப்பு இருந்தால் ஏடிஸ் கொசுவும் குடியேறும். நீர்க்கலத்திற்கும் இறுக்கமான மூடி இன்றியமையாதது. குழாய்நீர் முனைகளை அடைக்கும் என்பதால், திறந்த வெளியில் பிடித்து வடிகட்டிய மழைநீரையே ஊற்றுகின்றோம். அடைப்பு நேர்ந்தால் முனையைக் கழற்றிப் புளிக்காடியில் ஓரிரவு ஊற வைத்தல் போதும். ஈரக்கையால் மின்செருகியைத் தொடலாகாது, அப்பணி ஆசிரியருடையது.

இப்போது பாசி பசுமையாக உள்ளது. குடுவைச் செடியில் மூன்று புதிய குடுவைகள் தொங்குகின்றன. பெட்டியில் தவளை இல்லை. மீண்டும் கொண்டுவரலாமா என்று மாணவர்கள் கேட்டவண்ணம் உள்ளனர். வேண்டாம் என்போரும் அவர்களுள் உளர். இறந்தவற்றின் மேல் தெளித்த பெட்டியாதலால், மண்ணும் கல்லும் முழுவதும் மாற்றியாகிவிட்டது. அடுத்த தவணை முடியும்வரை செடிகள் மட்டுமே இருக்கட்டும் என இப்போதைக்குத் தீர்மானித்துள்ளோம்.