அடுத்த துளையை எங்கே போடுவது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாட்டி சொல்வார். பானையில் எல்லாமே ஒன்றாக வெந்த சோறு, அதனால் அது சரிதான். தங்கச் சுரங்கத்தில் இது செல்லாது.

தென்னாப்பிரிக்காவில் 1886இல் தங்கம் கிடைத்த இடத்தில்தான் ஜோகன்னஸ்பர்க் நகரம் எழுந்தது. அங்கே ஒரு பாறையில் தங்கம் நிறைய இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் வெறுங்கல். துளை போட்டால்தான் தெரியும். துளை போடவோ ஏகப்பட்ட செலவு. ஒரு துளையின் முடிவை மட்டும் நம்பாமல் மற்றத் துளைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951இல் எழுதினார். பிறகு பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் அதை முழுமையான கணிதமாக்கி, கிரிகேயின் பெயரையே அதற்கு வைத்தார்: கிரிகிங்.

பக்கத்துத் துளைக்கு அதிக மதிப்பு, தூரத்துத் துளைக்குக் குறைந்த மதிப்பு. இப்படிப் பார்த்து, தோண்டாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கலாம் என்று கிரிகிங் ஊகிக்கும். அதோடு, அந்த ஊகம் எவ்வளவு தவறலாம் என்பதையும் சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பதில்தான்.

கார் வடிவமைப்பிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. கார் சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று கணினியிலேயே பார்க்கலாம். உண்மையில் நொடிப்பொழுதில் முடிந்துவிடும் மோதல் அது. காரைப் பல லட்சம் துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் கணினிக்கோ பல மணி நேரம் பிடிக்கும். காரில் 10 தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்க 5 தடிமன்கள் என்று வையுங்கள். மொத்தம் 97,65,625 வகைக் கார்கள்! எது சிறந்தது என்று பார்க்க எல்லாவற்றையும் சோதித்தால், ஒன்றுக்கு 10 மணி நேரம் என்று வைத்தாலும் 11,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கணினியின் ஒவ்வொரு சோதனையும் ஒரு துளை மாதிரிதானே? 1989இல் ஜெரோம் சாக்ஸும் அவருடைய நண்பர்களும் கிரிகிங்கைக் கணினிச் சோதனைகளுக்குக் கொண்டுவந்தார்கள். சில கார்களை மட்டும் முழுசாகச் சோதித்து, அந்த விடைகளைக் கொண்டு ஒரு சின்னக் கணக்கை உருவாக்குவார்கள். பெரிய கணக்குக்குப் பதிலாக நிற்பதால் அதைப் பதிலி என்று சொல்லலாம். ஒரு காரைப் பற்றிக் கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பதில் வரும்.

சரி, அடுத்து எந்தக் காரைச் சோதிப்பது? நல்ல விடை வரும் என்று பதிலி சொல்லும் இடத்திலா, தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அது ஒப்புக்கொள்ளும் இடத்திலா? முதலாவதை மட்டும் பார்த்தால் ஒரே மூலையில் சுற்றிக்கொண்டிருப்போம். இரண்டாவதை மட்டும் பார்த்தால் வீண் அலைச்சல். ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய டொனால்டு ஜோன்ஸும் இன்னும் இருவரும் 1998இல் ஒரு வழியை விளக்கினார்கள். இதுவரை கிடைத்த சிறந்த விடையை எந்த இடம் எவ்வளவு மிஞ்சக்கூடும் என்று இரண்டையும் சேர்த்து எடைபோட்டு, அங்கே சோதிக்க வேண்டும். புதிய விடை வந்ததும் பதிலி தன்னைத் திருத்திக்கொள்ளும். மறுபடி அதே கேள்வி: அடுத்தது எங்கே?

கடைசியில் பதிலி ஒரு காரைக் காட்டும். அதை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். முதலில் பெரிய கணக்கை ஓடவிட்டுச் சரிபார்ப்பார்கள். அதற்கும் பிறகு, ஒரு நிஜக் காரையே கொண்டுவந்து சுவரில் மோதவிடுவார்கள்.