சிறு யந்திரங்களும் சி பாஷையும்

சலவை யந்திரத்திலும், மோட்டார் வண்டியின் பிரேக் அமைப்பிலும், மின்சார மீட்டரிலும் நம் கண்ணில் படாமல் வேலை செய்யும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லுக்கு இன்றும் பெரும்பாலும் கட்டளைகள் எழுதப்படுவது, 1972-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி பாஷையிலேதான். யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுதுவதற்குப் பயன்பட்ட அந்தப் பாஷை, நினைவகத்தின் எந்த மூலையையும் நேரே தொடும் சுதந்திரத்தை அளிப்பதால், 1980-இல் வெளிவந்த 8051 போன்ற, 128 பைட் நினைவகமே கொண்ட சில்லுக்கும் இசைந்து போயிற்று.

அந்தச் சுதந்திரத்தோடு கூடவே வருவது ஒரு விபரீதமான மௌனம். பொத்தானை அமுக்கியதும், நடக்கும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் ஒன்று எழுந்து ‘தயார்’ என்ற மாறியில் 1 என எழுதுவதாகவும், முக்கியப் புரோகிராம் அந்த 1 வரும்வரை லூப்பில் காத்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். லூப்புக்குள் அந்த மாறியை மாற்றுவார் எவருமில்லை என்று கண்ட கம்பைலர் (புரோகிராமை யந்திரக் கட்டளைகளாக மாற்றுவது), வேகத்தை உத்தேசித்து, அதன் மதிப்பை ஒரே தடவை சில்லின் உள்ளிருக்கும் ரெஜிஸ்டரில் எடுத்துக்கொண்டு, பிறகு நினைவகத்தின் பக்கம் திரும்பாமலே சுற்றும்படி செய்துவிடலாம். பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் யந்திரம் அசையாது. சோதனைக்காகக் கம்பைலரின் இந்த வேகமூட்டலை நிறுத்தி வைத்தால் அதே புரோகிராம் ஒழுங்காக ஓடும் என்பதுதான் இதில் மிகுந்த மனக்கிலேசம் தருவது. மாறியின் முன்னால் ‘வோலட்டைல்’ என்ற ஒரு சொல் சேர்த்தால் பிழை நீங்கும். அச்சொல் விடுபட்டதைப் பாஷை சுட்டிக்காட்டுவதில்லை.

‘இன்ட்’ என்னும் எண்வகையின் அகலமும் சில்லுக்குச் சில்லு வேறுபடும். 32 பிட் சில்லில் பல நாள் பிழையின்றி ஓடும் மில்லிசெகண்ட் கணக்கு, 16 பிட்டில் 32,767-ஐ எட்டி, அதாவது அரை நிமிஷம் சற்றே கடந்ததும், எல்லை மீறுகிறது. அதன்பின் நடப்பது இன்னதென்று சி-யின் பிரமாண நூல் நிர்ணயிக்கவே இல்லை. அகலம் குறித்த எண்வகைகள் 1999-ஆம் ஆண்டுப் பிரமாணத்தில் வந்தனவாயினும், அதற்கு முந்திய புரோகிராம்கள் பழைய வழியிலேயே வழங்குகின்றன.

பாஷையின் வயதை நான் குறையாகக் கருதவில்லை. உயிர் காக்கும் யந்திரத்துக்கு எழுதுபவனை அது எச்சரியாமல் விடுவதே என் ஆட்சேபம். இதனை உணர்ந்தே பிரிட்டனின் மோட்டார் தொழில் துறையினர் 1998-இல் ‘மிஸ்ரா’ என்னும் விதித் தொகுப்பை வெளியிட்டு, சி-யின் அபாயகரமான பகுதிகளை விலக்கினர். 2015-இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட் பாஷையோ நினைவகப் பிழைகள் பலவற்றைக் கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடுகிறது. ஆனால் 8051-க்கு ரஸ்ட் கம்பைலர் அதிகாரபூர்வமாக இல்லாமையால், அந்தச் சில்லுக்கு எழுதுவோர் சி-யையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.