கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் மெதைல் அடையாளங்களும்

நோயை முற்கூட்டியே அறியும் பரிசோதனை எதுவாயினும் இரு வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். ஆபத்து யாருக்கு உண்டு என்பது ஒன்று. யாருக்கு இல்லை என்பது மற்றொன்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பொறுத்தவரை, இரண்டாவது வினாவே இன்று விடை வேண்டி நிற்கின்றது.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டன. 35 வயதுப் பெண்களை முதன்மையாகக் கருதி அங்கு பாப் பரிசோதனை செய்யப்பட்டு வந்தது. கருப்பைக் கழுத்திலிருந்து எடுக்கப்படும் கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கும் முறை இது. கலத்தின் தோற்றம் மாறிய பின்னரே இது பயன் தரும்; நோக்குபவரின் பயிற்சியையும் பெரிதும் சார்ந்திருக்கும்.

இந்நோய்க்கு ஏறத்தாழ எப்போதும் பாப்பிலோமா வைரசே காரணம் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மையாகும். இதற்கு வழிகாட்டிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். நோயின் நூற்றுக்கு 70 பங்கு 16ஆம், 18ஆம் இலக்க வகைகளால் விளைகின்றது. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் 6ஆம் வகுப்பு மாணவியருக்குத் தடுப்பூசி வழங்கப்படுகின்றது. ஆயின், அவர்தம் தாய்மாருக்குப் பரிசோதனையே காப்பு.

வைரசின் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை பாப் முறையினும் நுட்பமானது. எனினும் தொற்றுகளிற் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தாமே மறைந்துவிடுகின்றன. ஆகவே 'வைரசு உண்டு' என்பது 'நோய் உண்டு' என்பதன்று. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் ஒரு பெண்ணுக்கு இவ்வேறுபாடு சொற்சிலம்பமன்று. பாலுறவால் தொற்றும் வைரசு என்றறிந்ததும் அச்சமும் வீட்டில் ஐயமும் எழலாம். வேலைக்கு விடுப்பெடுத்து மீண்டும் வருமாறு பணிக்கப்பட்டால், வராமலே விடுவதும் உண்டு.

இவ்விடத்தில்தான் மெதைலேற்றம் பயன்படுகின்றது. டி.என்.ஏ.யின் சைற்றோசின் எனும் மூலத்துடன் மெதைல் கூட்டம் இணைவதே மெதைலேற்றம். பரம்பரை அலகின் எழுத்து மாறாது. அதன் செயற்பாடே அடக்கப்படும். வைரசு நிலைத்துக் கலங்கள் புற்றை நோக்கி நகருங்கால், கட்டிகளைத் தடுக்கும் சில பரம்பரை அலகுகளில் இவ்வேற்றம் மிகுகின்றது. பைசல்பைற்றுச் சேர்க்கையால் மெதைலற்ற சைற்றோசின் யுராசிலாக மாறும். மெதைலேறியது மாறாது நிற்கும். இவ்வேறுபாடே அளக்கப்படுகின்றது. சுருங்கக்கூறின், வைரசுப் பரிசோதனை விருந்தாளி வந்ததைச் சொல்லும். மெதைல் பரிசோதனை வீடு பழுதடையத் தொடங்கியதைச் சொல்லும்.

மேலும், பெண் தானே எடுத்தளிக்கும் மாதிரியிற் கலங்களின் தோற்றத்தை நம்பகமாக ஆராய்தல் அரிது, மெதைலேற்றத்தையோ அளக்கலாம். எனவே ஒரே மாதிரியில் இரு பரிசோதனைகளையும் செய்யவியலும். குறைகளும் உள. புற்றுநோயையும் முதிர்ந்த மாற்றங்களையும் நன்கு காட்டும் இம்முறை, முற்பட்ட மாற்றங்கள் சிலவற்றைத் தவறவிடக்கூடும். ஆய்வுகூடச் செலவும் உண்டு.

நுட்பம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் சான்றாகும். அங்கு 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் அசற்றிக்கமிலம் தடவி வெறுங்கண்ணால் நோக்கினர். மாற்றம் கண்டோர்க்கு இயன்றவரை அதே வருகையிற் சிகிச்சையும் வழங்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. எளிய கருவியாயினும் பெண்ணை மீண்டும் மீண்டும் அலைக்கழியாமையே அதன் வலிமை. மெதைல் அடையாளங்களையும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடல் வேண்டும்: அவை தேவையற்ற அச்சத்தையும் அலைச்சலையும் குறைத்து, உரியவளைச் சிகிச்சையிடம் சேர்க்குமாயின் மக்களுக்குரிய விஞ்ஞானமாகும், இல்லையேல் ஆய்வுகூடத்தின் பெருமையாக மட்டுமே எஞ்சும்.