முன்பணத்துக்கு முன்னால் டெஸ்ட் டிரைவ்

‘பிடிக்கவில்லை’ என்பதைச் சட்டம் ஒரு குறையாக எடுத்துக்கொள்வதில்லை. புது கார் வாங்குகிற பலருக்கு இது வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. இன்ஜினில் கோளாறு என்றால் வாரண்டி இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, பின்சீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலிக்கிறது என்று போனால் எந்த ஆணையமும் பணத்தை வாங்கித் தராது. நம்பர் விழுந்த மறுநாளே அது செகண்ட் ஹேண்ட் வண்டி. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதமும், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதமும் ஆயுள் வரி கட்டியிருப்பீர்கள். விற்கப் போகும்போது அந்த வரிக்கென்று தனியாக யாரும் விலை வைக்க மாட்டார்கள்.

ஸ்போர்ட்டி ரகச் சின்னக் கார்களில் இந்த ஆபத்து கூடுதல். 2021 செப்டம்பரில் ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தபோது அதிலிருந்த 1 லிட்டர் டர்போ இன்ஜின் 120 பிஎஸ் திறன் கொண்டது. சாதாரண ஐ20 டர்போவிலும் அப்போது அதே இன்ஜின், அதே 120 பிஎஸ்தான். அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? தோற்றத்தை விட்டுவிட்டால், இறுக்கமான சஸ்பென்ஷனுக்கும், கனம் கூட்டிய ஸ்டியரிங்குக்கும், வேறு மாதிரி ஒலிக்கும் எக்ஸாஸ்டுக்கும். இவற்றில் எதையும் பிரௌச்சரில் எண்ணாகப் போட முடியாது. ஒருவருக்கு ரோட்டைப் பிடித்து ஓடுவதாகத் தெரியும் சஸ்பென்ஷன், இன்னொருவருக்குக் குலுக்கி எடுப்பதாகத் தெரியும். 2024 ஜூனில் வந்த டாடா அல்ட்ரோஸ் ரேஸரும் 120 பிஎஸ்தான். ஆனால் மேனுவல் கியர் மட்டும். தினமும் கத்திப்பாரா நெரிசலில் ஊர்கிறவருடைய இடது முழங்கால் அதற்கு என்ன சொல்லும் என்பதை யூடியூப் விமர்சகர் சொல்ல முடியாது.

ஷோரூம்காரர்கள் ஓட்டக் கொடுக்கும் பாதை பெரும்பாலும் வழவழப்பான ரோடு, ஒரு யூ-டர்ன், பத்து நிமிஷம். பக்கத்தில் உட்காரும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் முதலில் பாட்டைத்தான் போடுவார். அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஏ.சி. ஓடட்டும். வேகத்தடையில் இறங்கி, இரண்டாவது கியரிலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பாருங்கள். சின்ன டர்போ இன்ஜின் குறைந்த சுழற்சியில் சற்றுத் தயங்கும். பிறகு ஒரேயடியாக இழுக்கும். பஸ்ஸை முந்தும்போது அந்தத் தயக்கம்தான் பயமுறுத்தும். ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்து பாருங்கள். டூயல் கிளட்ச் வண்டி சில சமயம் அங்கேதான் வெட்டி இழுக்கும். அடுக்குமாடியின் பேஸ்மென்ட் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். பள்ளமான தெருவில் வீட்டுப் பெரியவர்களைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று போங்கள். பத்து நிமிஷத்தில் இதெல்லாம் முடியாது. அரை மணி நேரம் கேளுங்கள். தயங்கும் ஷோரூமுக்கு அடுத்த தெருவில் இன்னொரு ஷோரூம் இருக்கும்.

“அந்த வேரியண்ட்ல டெமோ வண்டி இல்ல சார், இதையே ஓட்டிப் பாருங்க, எல்லாம் ஒண்ணுதான்” என்பார்கள். ஒன்றல்ல. இன்ஜினோ கியர்பாக்ஸோ மாறினால் ஓட்டமே மாறிவிடும். வாங்கப்போகும் வேரியண்டை ஓட்டும்வரை பணம் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், டெஸ்ட் டிரைவில் திருப்தி இல்லாவிட்டால் முழு முன்பணமும் திரும்பத் தரப்படும் என்று புக்கிங் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பிறகு ‘கேன்சலேஷன் சார்ஜ்’ என்று ஒரு தொகையை இழப்பது வழக்கமான கதை.

சாவியை வாங்கும் முன் இரண்டு விஷயம். ஓட்டுநர் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். ஷோரூம் வண்டிதானே என்ற சலுகை கிடையாது. உரிமமில்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும். அடுத்து, உங்களிடம் கையெழுத்து கேட்கும் தாளில் ‘சேதம் முழுவதும் வாடிக்கையாளர் பொறுப்பு’ என்பதுபோல ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். டெமோ வண்டியின் இன்ஷூரன்ஸ் நகலைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

டெஸ்ட் டிரைவ் கொடுத்தே ஆக வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 41-வது பிரிவில், டெலிவரியின்போது பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பைக் கேட்கும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 16-வது பிரிவில் ஒரு கொக்கியும் உண்டு: நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பிரிவின் கீழ்ப் பிறகு விற்றவரைக் குறை சொல்வது கடினம். எனவே கவனித்ததைச் சும்மா மனதில் வைக்காமல், ‘மூன்றாவது கியரில் சத்தம் வந்தது, சரிசெய்து தருவதாகச் சொன்னீர்கள்’ என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அது பின்னால் ஆதாரமாகும். டெலிவரி வண்டியையும் பதிவுக்கு முன்பே ஓடோமீட்டர், டயர், பெயின்ட் என்று பாருங்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் படிவம் 21-ல் இருக்கும். டெமோவாக ஓடிய வண்டியைப் புதிது என்று தலையில் கட்டினால் அது நியாயமற்ற வணிக நடைமுறை.

அப்படி ஏமாற்றப்பட்டாலோ, உற்பத்திக் குறையைச் சரிசெய்யாமல் இழுத்தடித்தாலோ, முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குறையை நிரூபிக்க வண்டியை ஆய்வுக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. 5 முதல் 10 லட்சம் வரையிலான வண்டிக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய்.